அவதானிகள் யாரென்று எனக்குத் தெரியும்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்கு நீ அனுப்பிய படம் வந்தது. கண்ணாடியைப் போட்டு, அதற்கு மேல் பூதக்கண்ணாடியையும் பிடித்துத்தான் பார்த்தேன். வலது கண்ணுக்கு அடுத்த மாதம் சத்திரசிகிச்சை. என்னைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறவன் நீ என்பதால் அதை உனக்கு ஞாபகப்படுத்தத் தேவையில்லை. படத்தில் இருந்தது என் பழைய கட்டுரை. பழுப்பேறிய தாள், மேலே பிளாஸ்டிக் உறை, நான்கு மூலையிலும் ஒட்டுநாடா. "இவருக்கு ஏன் இத்தனை அவசரம்?" என்ற தலைப்பு. அதன் கீழே உன் குரல்: "அம்மா, இது நீங்களே எழுதினது. தர்சினிக்கு ஒருக்காக் காட்டுங்கோ. நான் சொன்னாக் கேக்கிறா இல்லை, நீங்கள் சொன்னாக் கேப்பா. சில் து ப்ளே, மா." கடைசியில் அந்தப் பிரெஞ்சுக் கெஞ்சல்.

மூன்று தரம் போட்டுக் கேட்டேன். கோபம் வரவில்லை, களைப்புத்தான் வந்தது. எழுதிய ஒன்று இருபது வருடம் ஊர் சுற்றிவிட்டுச் சொந்த மகனின் கையோடு வீட்டுக்குத் திரும்பி வந்தால் வரும் களைப்பு.

உனக்குத் தொலைபேசியிலேயே பதில் சொல்லியிருக்கலாம். நான் தமிழில் தொடங்குவேன், நீ பிரெஞ்சில் பதில் சொல்வாய், இரண்டாவது வசனத்திலேயே நான் பின்தங்கிவிடுவேன். எழுத்தில் அப்படி நடக்காது. நீ வரிக்குக் கீழே விரலை வைத்துத் தமிழ் வாசிப்பவன். இதை அந்த வேகத்தில் வாசிப்பதுதான் நல்லது. இன்னொரு காரணமும் இருக்கிறது. நான் பிழை விட்டது அச்சில். திருத்தத்தையும் அச்சில்தான் போடவேண்டும் என்று பழகியவள் நான். அதனால் பிறரும் வாசிக்கக்கூடும் என்று நினைத்து, பெயர்களை மாற்றி, உனக்குத் தெரிந்த சிலதையும் விளக்கிக்கொண்டு போகிறேன். பொறுத்துக்கொள்.

உன் மனைவி தர்சினி எங்கள் சங்கத்தின் தலைவர் பதவிக்கு நிற்க விரும்புகிறாள். பெரிய சங்கம் ஒன்றுமில்லை. பிரெஞ்சுத் தலைநகரின் வடக்குப் பக்கம், ஸ்தேனிலும் லா சப்பலிலும் இருக்கும் சில நூறு குடும்பங்கள், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, வருடத்துக்கு ஒரு விளையாட்டுப் போட்டி, கடிதம் எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதம். ஆறு வருடமாக அவள்தான் செயலாளர். நகரசபையிடம் மண்டபம் கேட்டு எழுதுவதும், வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பில் நிற்பதும், கூட்டம் முடிந்து கதிரை அடுக்குவதும் அவள். இதுவரை தலைவர்களாக இருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். அவள் நிற்கப்போகிறாள் என்ற கதை வெளியே வந்து நான்காம் நாள், முன்பு என்னோடு பத்திரிகையில் வேலை செய்த சுதனின் இணையத்தளத்தில் பதினாலு வரிச் செய்தி ஒன்று வந்தது. அதை நீயும் வாசித்தாய். அது வந்த மறுநாள்தான் என் கட்டுரையைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினாய்.

அந்தக் கட்டுரை எப்படி எழுதப்பட்டது என்று உனக்குச் சொன்னதில்லை. அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் வாரப் பத்திரிகை லா சப்பல் மெத்ரோ ரயில் நிலையத்துக்கு எதிரே, ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் இயங்கியது. ரயில் போகும்போது மேசையில் தேநீர் நடுங்கும். ஆசிரியரை எல்லோரும் பெரியண்ணை என்று கூப்பிடுவோம். நான், பெரியண்ணை, பக்கம் போடும் ஒருவர், பிறகு வந்து சேர்ந்த சுதன்; இவ்வளவுதான் பத்திரிகை. கீழே, நகைக்கடைக்குப் பக்கத்தில் பலகாரக்கடை வைத்திருந்த செல்வண்ணை ரோல்ஸ் தட்டோடு மேலே வருவார், வந்தால் ஒரு மணித்தியாலம் போகமாட்டார். அந்த வருடம் இந்த நாட்டின் ஜனாதிபதித் தேர்தலில் ஒரு பெண் நின்றார். அவர் பெயர் இங்கே வேண்டாம். நான் சொல்லப்போவது அவருக்கு மட்டும் நடந்ததும் இல்லை.

அவருடைய கூட்டத்துக்கு நான் போனேன். நிருபர்களுக்கு ஒதுக்கிய வரிசையில் இருந்து நாற்பது நிமிடம் கேட்டேன். குறிப்புப் புத்தகத்தில் பதினொரு பக்கம் எழுதினேன். அந்தப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது, நேற்று எடுத்துப் பார்த்தேன். ஏழு பக்கம் வேலையைப் பற்றி. விடியுமுன் அலுவலகங்களைத் துப்புரவாக்கப் போய், பகலில் திரும்பி வந்து, மாலையில் மறுபடி போகும் பெண்களைப் பற்றிப் பேசினார். இடையில் இருக்கும் அந்த மணித்தியாலங்கள் யாருடையவை என்று கேட்டார். எங்கள் கட்டடத்தில் அப்படிப் போய்வந்த பெண்கள் ஆறு பேர். எனக்கு உடனே அவர்களின் முகம் வந்தது. பக்கத்தில் "இதை முதலில் போடு" என்று எனக்கே எழுதிவைத்திருக்கிறேன். இரண்டு தரம் அடிக்கோடும் இட்டிருக்கிறேன்.

புதன்கிழமை பின்னேரம் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். எங்கள் வழக்கம், ஐந்து பிரெஞ்சுப் பத்திரிகைகளை மேசையில் விரித்து, அவர்கள் சொல்வதைப் பார்த்து, வேண்டியதைத் தமிழாக்கி, எங்களுடையதைக் கடைசியில் சேர்ப்பது. ஐந்திலும் அவர் இருந்தார். ஒன்றில் அவருடைய கருநீல மேலங்கி. ஒன்றில் குரல், கூட்டத்துக்குப் போதாத மெல்லிய குரல் என்று. இன்னொன்றில் அதே குரல் காதைக் குத்துகிறது என்று. ஒன்றில் பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வி. எல்லாவற்றிலும் பொதுவாக ஒன்று இருந்தது: அவர் இந்தப் பதவியை மிகவும் விரும்புகிறார், விரும்புவது முகத்திலேயே தெரிகிறது. நான் என் பதினொரு பக்கத்தை விரித்து முதல் பந்தியை எழுதிப் பெரியண்ணையிடம் நீட்டினேன். அவர் வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தங்கச்சி, உந்த வேலை நேரக் கதையை ஆர் வாசிக்கிறது? சனம் கேக்கிறது வேறை. அவ ஏன் நிக்கிறா? அதை எழுதுங்கோ."

"ஏன் நிக்கிறா எண்டால், வெல்லத்தான் அண்ணை."

"அதுதான் பிரச்சினை," என்றார் செல்வண்ணை, தட்டை என் குறிப்புப் புத்தகத்துக்கு மேலேயே வைத்துவிட்டு. "பொம்பிளை ஒராள் உப்பிடி வாய்விட்டுக் கேக்கிறதே? வீட்டிலை சமையல் ஆர்?"

"அவவின்ரை வீட்டிலை உங்கடை ரோல்ஸ்தானாம்," என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு ஒரு சந்தோசம். இரண்டு ஆண்களுக்கு நடுவே நானும் ஒருத்தியாய் இருக்கிறேன் என்ற சந்தோசம். அந்தச் சூட்டிலேயே அடுத்ததையும் சொன்னேன்: "கதிரை ஒண்டைக் கண்டால் இருந்து பாக்காமல் போகமாட்டா போலை." பெரியண்ணை மேசையில் தட்டினார். "இதை எழுதுங்கோ! இதுதான் கட்டுரை!"

எழுதினேன். நாற்பத்திரண்டு வரி. பேச்சுக்கு மூன்று வரி. துப்புரவு வேலைப் பெண்களுக்கு ஒன்றுமில்லை. மேலங்கிக்கு ஐந்து வரி. கடைசி வசனம்: "கதிரையைக் கண்டால் அமர்ந்து பார்க்காமல் போகமாட்டார் என்று அரசியல் அவதானிகள் கருதுகின்றனர்." எங்கள் தொழிலில் இந்த அவதானிகள் என்ற ஆட்களை நீ அறிந்துகொள்ள வேண்டும், தம்பி. தன் கருத்தைத் தன் பெயரில் சொல்ல நிருபருக்குத் துணிவு இல்லாதபோது அவர்கள் வருவார்கள். அவர்களுக்கு ஊரும் இல்லை, முகவரியும் இல்லை. அன்றைக்கு அந்த அவதானிகள் மூன்று பேர்: பெரியண்ணை, செல்வண்ணை, நான். மூவரிலும் மோசமானவள் நான்தான், ஏனென்றால் அவர் என்ன பேசினார் என்று கேட்டவள் நான் ஒருத்திதான்.

அதற்கு அடுத்த கிழமை, முன்பு தோற்று மறுபடியும் நின்ற ஓர் ஆண் வேட்பாளரைப் பற்றியும் எழுதினேன். "மனம் தளராத பயணம்" என்று தலைப்பு. அதை எழுதும்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நின்றவர்கள் எல்லோரும் ஆசைப்பட்டுத்தான் நின்றார்கள். ஆசையில்லாமல் யார் அந்த வேலைக்கு வருவார்கள்? ஒருவருடைய ஆசையை மட்டும் நாங்கள் செய்தியாக்கினோம், மற்றவர்களுடையதை முயற்சி என்றோம். அவர் தோற்றார். என் கட்டுரையால் தோற்றார் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அறிவு மங்கவில்லை. எங்கள் வாசகர்களில் பாதிப்பேருக்கு அப்போது இந்த நாட்டில் வாக்கே இல்லை. ஆகவே கெடுதி ஒன்றுமில்லை என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

செல்வண்ணைக்கு அந்தக் கட்டுரை மிகவும் பிடித்துப்போய்விட்டது. வெட்டி, உறை போட்டு, கடையில் ரோல்ஸ் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினார். கடையை ரூ பிலிப்-து-ஜிரார் தெருவுக்கு மாற்றியபோது அதையும் கழற்றிக்கொண்டு போய் மறுபடி ஒட்டினார். சனிக்கிழமை சனிக்கிழமை என்னோடு வந்து, பொதி கட்டும்வரை நின்று, நீ எழுத்துக் கூட்டி வாசித்தது அதைத்தான். "அ-வ-ச-ர-ம்" என்று நீ வாசித்து முடிக்க, "கெட்டிக்காரன், கொம்மா எழுதினது!" என்று செல்வண்ணை ஒரு வாய்ப்பன் பலகாரத்தை உன் கையில் வைப்பார். நான் பெருமையோடு நின்றிருக்கிறேன். அந்த வாய்ப்பனோடு உள்ளே போனது என்னவென்று நான் யோசிக்கவில்லை.

இனி இன்னொன்று. நான் யாருக்கும் சொல்லாதது. உனக்குப் பதினைந்து வயதாக இருக்கும்போது பெரியண்ணைக்கு நெஞ்சுவருத்தம் வந்தது. இனி ஏலாது என்று எங்களை இருத்திவைத்துச் சொன்னார். "ஆர் பாரம் எடுக்கிறது?" என்று கேட்டார். அந்தப் பத்திரிகையின் ஒவ்வொரு பக்கமும் பதினொரு வருடமாக என் கைவழியாகப் போனது. அன்றைக்குக் காலையில் உன் அப்பா சப்பாத்துக் கட்டிக்கொண்டே எனக்குச் சொன்னார்: "நீ வாயைத் திறவாதை. கேட்டு வாங்கினால் மதிப்பில்லை. அவையாத் தரட்டும்." நல்ல மனுசன், என்னுடைய நன்மைக்குத்தான் சொன்னார். அப்பா சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன். கதிரையைக் கண்டால் என்ற வசனத்தை எழுதியவளுக்குக் கதிரை கேட்க எப்படி வாய் வரும்? பெரியண்ணை என் பக்கம் பார்த்தபோது, "எனக்கென்ன அண்ணை, ஆர் இருந்தாலும் சரி," என்றேன். சுதன் வந்து மூன்று வருடம்தான். அவன் கையைத் தூக்கினான். "நான் செய்யிறன் அண்ணை, எனக்கு விருப்பம்." அவ்வளவுதான். "பெடியனுக்கு உசார் இருக்கு," என்றார் பெரியண்ணை. ஏன் இத்தனை அவசரம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த ஒன்பது வருடம், பத்திரிகை நிற்கும்வரை, அவனுக்குத் தலைப்புப் போடச் சொல்லிக்கொடுத்தேன்.

அன்று வீட்டுக்கு வந்தபோது நீ கதவடியில் நின்றாய். "மா, இப்ப நீங்கள்தான் ஷெஃபோ?" என்று, பொறுப்பாளர் என்பதற்கான உன் பிரெஞ்சுச் சொல்லில் கேட்டாய். முகமெல்லாம் சிரிப்பு. உனக்கு அது நிச்சயமாக இருந்தது. நான் காய்கறிப் பையை உன்னிடம் தந்துவிட்டு, "எனக்கு உதெல்லாம் வேண்டாம் ராசா," என்றேன். நீ தலையாட்டினாய். நல்ல பெண் என்றால் அப்படித்தான் சொல்லுவாள் என்று நீ அந்த வாசலில்தான் படித்திருப்பாய். சுவரில் ஒட்டியிருந்த கட்டுரையைவிட இது பெரிய பிழை என்று இப்போது நினைக்கிறேன். கட்டுரை மற்றவளைப் பற்றியது. இதில் நான் உன் அம்மா, நேரே உன் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன். எனக்கு அந்தக் கதிரை வேண்டியிருந்தது, தம்பி. மிகவும் வேண்டியிருந்தது. அதில் இருந்து என்ன செய்வேன் என்று இரண்டு பக்கம் எழுதிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் அன்று அந்த அறையில் இருந்தேன்.

இப்போது சுதனின் பதினாலு வரிக்கு வருகிறேன். என்னிடம் பழகியவன், ஆகவே அந்தச் செய்தியின் தையல் எனக்குத் தெரியும். தர்சினி செயலாளராக என்ன செய்தாள் என்பதற்கு ஒரு வரி. தலைவரானால் என்ன செய்வாள் என்பதற்கு ஒன்றுமில்லை. அவளிடம் யாரும் கேட்கவே இல்லை. ஒன்பதாவது வரி இது: "மகளைப் புதன்கிழமை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிச்செல்லக்கூட நேரம் கிடைக்காதவர், சங்கத்துக்கு எப்படி நேரம் ஒதுக்குவார் என்றும், இந்த அவசரம் எதற்கு என்றும் அவருக்கு நெருக்கமானவர்களே கேட்பதாக அவதானிகள் தெரிவிக்கின்றனர்."

திங்கட்கிழமை செல்வண்ணையின் கடைக்குப் போனேன். முழங்கால் நோவோடு மூன்று மாடி இறங்கிப் போனேன். சுதன் வழக்கமான மூலையில் தேநீரோடு இருந்தான்.

"ஆரடா உந்த அவதானி?"

"வாங்கோ அக்கா, இருங்கோ. ரீ குடிக்கிறியளே?"

"நான் கேட்டதுக்கு மறுமொழி சொல்லு."

"நீங்கள்தானே பழக்கினீங்கள், ஆளைச் சொல்லக்கூடாது எண்டு." சிரித்தான். பிறகு கோப்பைக்குள் பார்த்தான். "நெருக்கமான ஆள் எண்டு போட்டிருக்கிறன்தானே அக்கா. பொய் இல்லை. நெருக்கம்தான்."

"அவளிட்டை ஒருக்காக் கேட்டனியே?"

"அவ தான் நல்லவ எண்டுதானே சொல்லுவா."

கவுண்டரில் நின்ற செல்வண்ணை என் முகத்தைப் பார்த்துவிட்டுத் துணியால் இல்லாத தூசியைத் துடைக்கத் தொடங்கினார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நிருபருக்குக் கேள்வியைவிட அதுதான் உதவும். "விடு தங்கச்சி," என்றார் கடைசியில். "உன்ரை பெடியன் பாவம். போன சனிக்கிழமை ரோல்ஸ் எடுக்க வர, இஞ்சை நிண்டவை பகிடி பண்ணினவை. 'தலைவியின்ரை வீட்டுக்காரர் வாறார், கதிரை குடுங்கோ' எண்டு. 'இனி விளையாட்டுப் போட்டிக்குத் தலைவற்ரை மனுசி பிடிக்கிற வெற்றிலைத் தட்டை நீர்தான் பிடிக்கவேணும்' எண்டு. பெடியனுக்கு முகம் சுருங்கிப்போச்சு. அதுக்குத்தான் ஏதோ சொன்னவன்."

புதன்கிழமைக் கதையைச் செல்வண்ணை சொல்லுமுன்பே நான் கண்டுபிடித்துவிட்டேன். அது வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. இன்றைக்கு முன், இந்தத் தவணையில் பிள்ளை நீச்சலுக்குப் பெற்றோர் இல்லாமல் போனது ஒரேயொரு புதன்கிழமை. கூட்டிக்கொண்டு போனவள் நான். நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்: "தம்பிக்கு வேலையிடத்தில் கூட்டம். பிள்ளையோடு போனேன். துவாய் மறந்துவிட்டது." அன்று தர்சினியின் முறை அல்ல. உன் முறை.

நீ வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. நீ பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவன், சமைக்கிறவன், உன் அப்பா தொடாத வேலையெல்லாம் தொடுகிறவன். சனம் சிரித்தபோது நீயும் சிரிக்கவேண்டியிருந்தது. சிரிப்பில் சேர ஒரு வழி வேண்டும். நீ தர்சினியைப் பற்றி ஒரு வசனம் சொன்னாய், எல்லோரும் சிரித்தார்கள், நீ அவர்களில் ஒருவன் ஆனாய். அந்தச் சூடு எனக்குத் தெரியும். நான் அதில் குளிர்காய்ந்தவள். உன்னைக் குற்றம் சாட்ட எனக்கு நாக்கு வராது. ஆனால் அந்த வசனம் பெயரைக் கழற்றிவிட்டு, அவதானி என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு உன் மனைவியிடம் வந்து நிற்கிறது. அவள் யாரோ வெளியாட்கள் சொன்னார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து அவள் என்னிடம் வந்தாள். மேலங்கியைக் கழற்றாமலே குசினிக் கதிரையில் இருந்தாள்.

"மாமி, நான் விட்டிடட்டே?"

"ஏன் நிக்க நினைச்சனீர்? அதை முதல் சொல்லும்," என்றேன். இருபது வருடத்துக்கு முன் கேட்டிருக்கவேண்டிய கேள்வி.

அவள் சொன்னாள். எங்கள் கூட்டங்கள் வேலைநாள் மாலையில் நடப்பதால் பெண்கள் வருவதில்லை. அதை ஞாயிறு காலைக்கு மாற்றவேண்டும். பன்னிரண்டு வயதோடு தமிழ் வகுப்பை விட்டு ஓடும் பிள்ளைகளுக்கு வேறு மாதிரி வகுப்பு வேண்டும். அதற்கு நகரசபையில் யாரைப் பிடிப்பது என்று பார்த்துவைத்திருக்கிறாள். இருபது நிமிடம் பேசினாள். பேசப் பேச மேலங்கிப் பொத்தான்களைக் கழற்றினாள். பிறகு சொன்னாள்: "எனக்கு ஆசை இருக்கு மாமி. நல்லாச் செய்வன் எண்டு தெரியும். அதை இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

எங்கள் வீட்டுக்குள் ஒரு பெண் அந்த வசனத்தைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் எழுந்து கேத்திலை அடுப்பில் வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் பின்னாலிருந்து, சிரித்துக்கொண்டே, இன்னொன்றையும் சொன்னாள்.

"உங்கடை அந்தக் கட்டுரை எனக்குப் பாடம் மாமி. தமிழ் வகுப்பிலை ரீச்சர் சொல்வதெழுதல் குடுத்தவ. 'கதிரையைக் கண்டால் அமர்ந்து பார்க்காமல்...' எனக்கு அதிலை இருபதுக்கு இருபது."

அப்போது அவளுக்கு உன் வயதுதான் இருந்திருக்கும். வாக்கில்லாத சனத்துக்கு எழுதியதால் கெடுதி இல்லை என்று நினைத்திருந்தேன். பதினைந்து, இருபது பிள்ளைகள், பாதிப்பேர் பெண்பிள்ளைகள், நாக்கைக் கடித்துக்கொண்டு, பிழையில்லாமல் எழுதியிருக்கிறார்கள். என் வாசகர்கள் அவர்கள்தான்.

நீ என்னைக் கேட்டதற்கு இதுதான் பதில். அந்தக் கட்டுரையை நான் அவளுக்குக் காட்டமாட்டேன். அவளுக்கு அது மனப்பாடம். அவளை நிற்கவேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். அவள் வெல்வாள் என்று நான் சொல்லவில்லை. எங்கள் சனத்தை எனக்குத் தெரியும், தோற்கக்கூடும். இப்போதும் தொலைக்காட்சியில் ஜனாதிபதிப் பதவிக்கு ஒரு பெண்ணின் பெயர் அடிபட்டால் நாலு பேர் மேசையைச் சுற்றி இருந்து அவருக்கு ஏன் இந்த ஆசை என்று ஆராய்கிறார்கள். நான் சத்தத்தைக் குறைத்துவிட்டு உருளைக்கிழங்கு சீவுகிறேன். அந்த மேசையை மாற்ற எனக்கு இனி வயதில்லை. செல்வண்ணையின் கடை மூலையை மாற்றலாமா என்றுதான் பார்க்கிறேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? ஒன்றே ஒன்று சொல்கிறேன், அதுவும் தொழில் முறையில். நீ சொன்னதை நீ சொன்னதாகச் சொல். தர்சினியிடம் போய், அந்த நெருக்கமானவர் நான்தான், அந்தப் புதன்கிழமை என் முறை என்று சொல். அவள் கோபிப்பாள். கோபிக்கட்டும். நான் அவளிடம் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. உன் வாயால் வரவேண்டியது அது. இந்தக் கடிதமும் அதற்குப் பிறகுதான் அச்சுக்குப் போகும். நீ அவளிடம் சொல்லி, அவளும் வாசித்து, சரி என்றால் மட்டும். இல்லையென்றால் இது உன்னிடமே இருக்கட்டும்.

இன்று புதன்கிழமை. பிள்ளையை நீச்சலில் விட்டுவிட்டு வரும் வழியில் மறுபடியும் செல்வண்ணையிடம் போனேன். சங்கத்தின் வேட்புமனுப் படிவம் அவர் கடைக் கவுண்டரில்தான் இருக்கிறது, எங்கள் படிவங்கள் எப்போதும் அங்கேதான் கிடக்கும். தர்சினி தன் பகுதியை நிரப்பி வைத்திருக்கிறாள். கீழே இரண்டு கோடு: முன்மொழிபவர், வழிமொழிபவர். சங்கத்தின் விதியில் எந்த அங்கத்தவரும் ஒப்பமிடலாம். ஆனால் கலியாணம் முடித்த பெண் என்றால் முதல் கோடு வீட்டுக்காரருக்கு என்று ஒரு வழக்கம், யார் தொடங்கியதோ தெரியாது. ஆறு பேரிடம் கேட்டிருக்கிறாள். ஆறு பேரும், "தம்பி முதல் போடட்டும் பிள்ளை, பிறகு நாங்கள் போடுறம்," என்றிருக்கிறார்கள். அதுதான் அவள் விட்டிடட்டே என்று கேட்ட காரணம். உன்னிடம் கேட்க அவளுக்கு மனமில்லை. கேட்டு வாங்குவது அவளுக்கும் கூச்சம்தான், நீ ஒருவன் விடயத்தில்.

சுவரில் இருந்த கட்டுரையைக் கழற்றித் தரச் சொன்னேன். "இருபது வருசமா நிக்குது தங்கச்சி, கழட்டினால் வெள்ளையாச் சதுரமாத் தெரியும்," என்றார் செல்வண்ணை.

"தெரியட்டும்," என்றேன்.

கத்தியால் ஒட்டுநாடாவைக் கிளப்பினார். சதுரம் தெரிகிறது. அவர் சொன்னது சரி.

பிறகு படிவத்தை இழுத்து, பூதக்கண்ணாடியைப் பிடித்து, இரண்டாவது கோட்டில் என் பெயரை முழுதாக எழுதி ஒப்பமிட்டேன். செல்வண்ணை, "முதல் கோடு வெறுமையாக் கிடக்கே?" என்றார். கிடக்கட்டும் என்றேன். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் படிவம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நீ சனிக்கிழமைகளில் ரோல்ஸ் எடுக்க நாலரைக்குப் போகிறவன். பேனாவைக் கவுண்டரோடு நூல் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். நீல மை. எழுதிப் பார்த்தேன், நன்றாக எழுதுகிறது.

அம்மா